தலைக்கவசமும் தோழமையும்

‘எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்’ என்பது பழமொழி. தமிழ்மொழியும் இதனையே வேறு வகையில் உணர்த்துகின்றது. மக்களை வழிநடத்துபவன் தலைவன்; நாட்டின் முதன்மையான நகரம் தலைநகரம்; முதலிற் பிறந்த பிள்ளை தலைச்சன்; கட்டுரையின் முகப்பில் நிற்பது தலைப்பு. எப்பொருளையேனும் மிக உயர்ந்ததென்று கூற விரும்பின், ‘தலையாயது’ என்றே கூறுதல் மரபு. இத்துணைச் சிறப்பு வாய்ந்த தலையை, பேருந்தும் லாரியும் விரையும் நெடுஞ்சாலையில் யாதொரு காப்பும் இன்றிக் கொண்டுசெல்கின்றனர், மிதிவண்டியில் பள்ளி செல்லும் பிள்ளைகள். தலையில் அடிபட்டால் உயிர்க்கு ஊறு நேரும் என்பதனை அவர்கள் அறியாதவர் அல்லர். தலைக்கவசம் என்னும் பொருள் உண்டு என்பதனையும் அறிவர். அறிந்தும் அணியாமைக்குக் காரணம் யாது? இதனை ஆராயப் புகுந்தால், அக்காரணம் பிள்ளையின் அறிவில் இல்லை என்பதும், அப்பிள்ளையைச் சூழ்ந்து வாழும் மக்களிடத்தே உள்ளது என்பதும் விளங்கும்.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்குத் தென்மேற்கே, வெள்ளாற்றை அடுத்து அமைந்த ஊர் பெண்ணாடம். உறங்கும் யானையின் முதுகு போன்று வளைந்த விமானத்தை உடைமையால், இவ்வூர்ச் சிவன்கோயில் திருத்தூங்கானைமாடம் எனப் பெயர்பெற்றது. திருநாவுக்கரசர் வழிபட்ட தலம் இது. கலிக்கம்ப நாயனார் தோன்றிய ஊரும் இதுவே. இப்பழம்பெரும் ஊரைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் பரந்து கிடக்கின்றன. விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி செல்லும் சாலையும் இவ்வழியே செல்கின்றது.

சிற்றூர்களில் வாழும் மாணவர், மேல்நிலைக் கல்வியின் பொருட்டுப் பெண்ணாடம் போன்ற ஊர்களுக்கு நாள்தோறும் வருதல் வேண்டும். அவர்களிற் பலர்க்கு ஊர்தியாவது மிதிவண்டியே. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அது பின்னர்ப் படிப்படியாக விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் பிற மாணவ மாணவியர்க்கும் உரியதாயிற்று. தொலைவு மிகுதி என்று கூறிப் பெண்மக்களின் படிப்பை இடையிலே நிறுத்திய குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகள் தம் காலாலேயே வண்டியை உந்தி மேல்நிலைப் பள்ளியின் வாயிலை அடைந்தமை இத்திட்டத்தின் பெரும்பயன் ஆகும்.

மிதிவண்டி வந்தது, சாலையும் மாறியது. கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லர்களில் கரும்பு மலைபோல் ஏற்றப்பட்டுச் செல்லும். தோகைகள் இருபுறமும் நீண்டு சாலையை அடைத்துக்கொள்ளும். அதனை எதிர்கொள்ளும் மிதிவண்டி, தார் முடியும் விளிம்பிற்கு ஒதுங்குதல் வேண்டும். விளிம்பிலோ மணலும் சரளைக்கல்லும் குவிந்து கிடக்கும். சக்கரம் சறுக்குதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. மிதிவண்டியில் செல்வோர்க்கு நேரும் ஊறுகள் யாவும் பிற வண்டிகள் மோதுவதால் வருவன என்று எண்ணுதல் தவறு. குறுக்கே பாயும் நாய், கழன்ற சங்கிலி, சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் துப்பட்டா, கைப்பிடியில் தொங்கும் சோற்றுப்பை ஆகிய இவை போதும், ஒருவரைக் கீழே வீழ்த்த. பெரிய மோதல்களும் குறைவல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மிதிவண்டியில் சென்ற 4,000 பேர்க்கு மேல் உயிரிழந்தனர் என்பது அரசின் கணக்கு.

தலைக்கவசம் இத்தகைய வீழ்ச்சியில் என் செய்கின்றது என்பதனைப் பெண்ணாடத்து மாணவர் அறிதல் எளிது. அடுத்துள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகர். பொம்மைகளும் கோப்பைகளும் மின்தொழிலுக்கு வேண்டும் பியூஸ் கட்டைகளும் அங்கே செய்யப்படுகின்றன. பீங்கான் கடினமானது, ஆயினும் எளிதில் உடைவது. அதனை வெளியூர்க்கு அனுப்புவோர் வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்குவர். பெட்டி கீழே விழுந்தால் வைக்கோல் நசுங்கும், கோப்பை பிழைக்கும். நசுங்குதலே வைக்கோல் செய்யும் தொண்டு. தலைக்கவசத்தின் உட்புறத்தில் உள்ள வெண்ணிற மெத்தை, மக்கள் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது. அதுவும் நசுங்குதற்காகவே அங்கே வைக்கப்பட்டுள்ளது. புறத்தே உள்ள வழவழப்பான ஓடு பார்வைக்கு வலியதாகத் தோன்றினும், உயிர்காக்கும் வேலையிற் பெரும்பகுதியை உள்ளிருக்கும் அம்மெத்தையே செய்கின்றது.

இதனைச் சிறிது கணக்கிட்டுக் காணலாம். மிதிவண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலும், அவ்வுயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்பொழுது மணிக்கு 19 கிலோமீட்டர் அளவு வேகத்தை அடைந்திருக்கக் கூடும். அவ்வேகம் முழுதும் தரையில் அடங்குதல் வேண்டும். விழுந்த உயரத்தை, தலை நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், தலையைத் தடுக்கும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதி 2 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுவிடுமாயின், அவ்விசை 750 மடங்கு. கவசத்தின் மெத்தை நசுங்கி, 20 மில்லிமீட்டர் தூரத்தில் தலை நிற்குமாயின் 75 மடங்கு. இரண்டு விரற்கடையும் நிரம்பாத மெத்தை, அடியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றது. ஐரோப்பிய நாடுகளின் தரவிதியும், ஏறத்தாழ இதே ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தைத் தட்டையான இரும்பின்மேல் விழச்செய்தே அதனைச் சோதிக்கின்றது.

கணக்கு மட்டுமன்று, கண்கூடான சான்றும் உண்டு. பல நாடுகளில் நடந்த 40 ஆய்வுகளைத் தொகுத்து, அடிபட்ட 64,000க்கு மேற்பட்ட மிதிவண்டியோரைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் ஒரு முடிவினை வெளியிட்டனர். கவசம் அணிந்தோர்க்குக் கடுமையான தலைக்காயம் நேரும் வாய்ப்பு, அணியாதோரைவிட நூற்றுக்கு 69 பங்கு குறைவு என்பது அவர்கள் கண்ட முடிவு. கவசம் எல்லாத் தீங்கையும் விலக்கும் என்று எவரும் கூறுவதில்லை. லாரியின் சக்கரத்தை அது தடுத்து நிறுத்தாது. கை கால் முறிவையும் தடுக்காது. வீழ்ந்த தலை பிழைப்பதற்கு அது துணைசெய்யும், அவ்வளவே.

அறிவு ஒன்றே மக்களை மாற்றிவிடும் என்றால், இச்செய்திகளைப் பள்ளியில் ஒருமுறை படித்துக்காட்டிய மறுநாளே எல்லாத் தலைகளிலும் கவசம் இருத்தல் வேண்டும். உலகியல் அங்ஙனம் இல்லை. ‘அரேபியாவின் லாரன்சு’ என்று புகழ்பெற்ற ஆங்கிலப் படைஞர், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்றார். வழியில் மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்மீது மோதாதிருக்க வேண்டி வண்டியைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். அவர் அந்நிகழ்ச்சியை மறக்கவில்லை. படையில் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர்காக்கும் என்பதனை 1941இல் நிறுவிக் காட்டினார். அவ்வாண்டிலேயே படை அதனை ஏற்றுக்கொண்டது. பொதுமக்களோ ஏற்கவில்லை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் யாவரும் கவசம் அணிதல் வேண்டும் என்னும் சட்டம் 1973இல்தான் வந்தது. உண்மை தெரிந்தபின்னும் 32 ஆண்டுகள்! படையில் எல்லோரும் ஒருங்கே அணிந்தனர். ஆதலின் அணிந்தவனைக் கண்டு நகைப்பார் இல்லை. ஊரில் ஒருவன் தனித்து அணிதல் வேண்டியிருந்தது. வேறுபாடு அதுதான்.

தலையிற் காப்பணிதல் தமிழ் மக்கள் அறியாத வழக்கமும் அன்று. வெயிலில் உழுபவர் முண்டாசு கட்டுவர். நாற்றுக்கட்டோ செங்கற்கூடையோ சுமக்கும் பெண்டிர் சும்மாடு வைத்துக்கொள்வர். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்னும் பழமொழி, தலையணி தலையைக் காக்கும் என்பதனை முன்னோர் கண்கூடாகக் கண்டிருந்தனர் என்பதற்குச் சான்று. சும்மாடு வைத்தவளை நோக்கி, ‘இஃதென்ன கோலம்?’ என்று எவரேனும் நகைத்ததுண்டோ? இல்லை. தாய் வைத்தாள், மகளும் வைத்தாள், அண்டை வயலில் இருப்பவளும் வைத்திருந்தாள். ஒரு பொருள் அழகா அழகன்றா என்பதனை அப்பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதனை அணிந்தோர் எத்துணைப் பேர் என்பதும் முடிவு செய்கின்றது.

பிள்ளையின் முதற்பள்ளி இல்லம். தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிளில் செல்வோர் கட்டாயம் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட, அவ்வாணை 2015ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கவசம் வாங்காத வீடு குறைவு. ஆயின் அக்கவசம் எங்கே இருக்கின்றது? சில தந்தையர் அதனைப் பெட்ரோல் தொட்டியின்மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகின்றனர். சிலர் முழங்கையில் மாட்டிச் செல்கின்றனர். காவலர் நிற்கும் இடத்தை அணுகியதும் தலையில் வைத்து, அவ்விடத்தைக் கடந்ததும் கழற்றுகின்றனர். பின்னே அமர்ந்திருக்கும் மகன் இவற்றையெல்லாம் காண்கிறான். கவசம் என்பது தண்டத்தொகைக்கு அஞ்சி அணிவது. தலையின் பொருட்டு அணிவதன்று என்னும் பாடத்தை அவன் கற்றுக்கொள்கிறான். இப்பாடத்தை அவனுக்கு எவரும் வாயாற் கற்பிக்கவில்லை. மிதிவண்டிக்கோ கவசச் சட்டம் இல்லை. காவலர் மறிப்பதும் இல்லை. எனவே தனக்கு அது வேண்டா என்று அவன் முடிவு செய்தல் இயல்பே. பெரியவர் வாயாற் கூறுவதனினும் தலையாற் கூறுவதே பிள்ளையின் செவியில் ஏறுகின்றது. பெற்றோர் கவசம் அணிந்து உடன் ஓட்டும்போது பிள்ளைகளும் அணிகின்றனர் என்பதனைப் பல நாட்டு ஆய்வுகள் ஒருமுகமாகக் காட்டுகின்றன.

சட்டத்தில் ஒரு விந்தையும் உண்டு. மோட்டார் சைக்கிளிற் கொண்டுசெல்லப்படும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகட்கும் கவசம் வேண்டும் என்று நடுவண் அரசு 2022இல் விதி செய்தது. அவ்விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சிறு தலைக்கு ஏற்ற மிதிவண்டிக் கவசமும் அமையும் என்று அவ்விதி கூறுகின்றது. மிதிவண்டிக் கவசத்தைப் பற்றிப் பேசும் விதி, மோட்டார் சைக்கிளில் அமரும் குழந்தைக்கு அதனை அணிவிக்கின்றது. மிதிவண்டியை ஓட்டும் பதினாறு வயதினரைக் குறித்து ஒன்றும் கூறவில்லை.

இல்லத்தைவிட வலிமை வாய்ந்தது தோழர் கூட்டம். ஏழெட்டு வயதுக் குழந்தை, தாய் அணிவித்த கவசத்தை மகிழ்ச்சியோடு அணிந்து செல்லும். அதில் ஒட்டியுள்ள வண்ணப் படத்தைப் பிறர்க்குக் காட்டவும் செய்யும். பன்னிரண்டு வயதைக் கடந்ததும் நிலை மாறுகின்றது. வீட்டு வாயிலில் அணிந்த கவசம் தெருமுனை திரும்பியதும் கைப்பிடியில் தொங்கத் தொடங்குகின்றது. அவ்வயதினர்க்குக் காயத்தினும் கேலியே அச்சம் தருவது. ‘நிலவுலகிற்குப் பயணமோ?’ என்று ஒருவன் கேட்பான். ‘தலையிற் குடம் கவிழ்த்தவன்’ என்று மற்றொருவன் பெயர் சூட்டுவான். சூட்டிய பெயர் பள்ளி முடியும்வரை நீங்குவதில்லை. காயம் என்றோ ஒருநாள் வரக்கூடியது. கேலி இன்று காலையே வருவது. தொலைவில் உள்ள பெருந்தீங்கினும் அண்மையில் உள்ள சிறுதீங்கைக் கண்டே மனம் அஞ்சுகின்றது. இதனை மடமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வயதில் தோழமை எத்துணைப் பெரிய செல்வம் என்பதனை மறந்தவரே அவ்வாறு ஒதுக்குவர்.

இதில் நுணுகி நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. பத்து மாணவர் கூடி மிதிவண்டியிற் செல்கின்றனர் என்று கொள்வோம். அவர்களுள் நால்வர் கவசம் அணிதல் நலம் என்று மனத்தில் எண்ணுகின்றனர். ஆயின் ஒவ்வொருவனும், ‘ஏனைய ஒன்பதின்மரும் நகைப்பர்’ என்று கருதி வாளா இருக்கிறான். நால்வரும் வாய் திறவாமையால், அந்நால்வரும் ஒருவரையொருவர் அறியார். பத்துப் பேரும் கவசத்தை வெறுப்பதாகவே பத்துப் பேர்க்கும் தோன்றுகின்றது. யாரும் விரும்பாத வழக்கம் ஒன்று, எல்லோரும் விரும்புவது போன்ற தோற்றத்தோடு இவ்வாறு நிலைபெற்றுவிடுகின்றது. அந்நால்வரும் ஒரே நாளில் கவசத்தோடு வருவாராயின், மறுநாள் நகைப்பதற்கு எஞ்சியோர் அறுவரே. அவ்வறுவருள்ளும் தயங்கி நிற்போர் இருப்பர்.

கேலியும் எடுத்துக்காட்டும் ஒருபுறம் இருக்க, பொருளும் பழக்கமும் தரும் தடைகள் வேறு. சிற்றூர்க் கடைகளில் கேட்பார் இல்லாமையால் மிதிவண்டிக் கவசத்தை வாங்கி வைப்பார் இல்லை. வைப்பார் இல்லாமையால் கேட்பாரும் இல்லை. கடையில் தொங்குபவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் கவசங்கள். அவை கனமானவை; காற்றுப் புகாதவை. கோடை வெயிலில் அவற்றை அணிந்து மிதிவண்டி மிதித்தல் இயலாது. மிதிவண்டிக் கவசமோ எடை குறைந்தது. காற்றுச் செல்லும் துளைகள் உடையது. இவ்வேறுபாட்டை அறியாமையால், ‘வெந்துபோகும்’ என்று கூறிப் பலர் அதனைத் தொடுவதும் இல்லை. இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டிப் பூச்சூடும் மாணவியர்க்கு, பூவும் நசுங்காமல் கவசமும் அசையாமல் இருப்பது எங்ஙனம் என்பது மெய்யான இடர்ப்பாடு. பின்னலைத் தாழக் கட்டிப் பூவைப் பள்ளிக்குச் சென்றபின் சூடுதல் ஒரு வழி. ஆனால் அவ்வழியையும் மற்றொரு மாணவி செய்யக் கண்டால் அன்றித் தாமாக மேற்கொள்வார் அரியர். வளரும் பிள்ளை என்று கருதிச் சீருடையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பது வீட்டு வழக்கம். அவ்வாறே கவசத்தையும் பெரிதாக வாங்குவோர் உளர். தளர்ந்த கவசம் விழும்பொழுது பின்னோக்கி நழுவி, நெற்றியைத் திறந்துவிடும். புருவத்திற்கு மேலே இரண்டு விரல் அளவு இடம் விட்டு நேராக அமர்ந்து, தாடையின் கீழ் வார் இறுகியிருப்பதே பொருத்தமான கவசம்.

தோழர் வழக்கத்தை மாற்ற முடியுமா என்னும் வினாவிற்குச் சில நாடுகள் விடை கண்டுள்ளன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1986இல் மருத்துவர்கள் ஓர் இயக்கம் தொடங்கினர். பிள்ளைகள் கவசம் அணியாமைக்குக் காரணம் யாது என்று முதலில் கேட்டறிந்தனர். பெற்றோர்க்கு அவ்வெண்ணமே தோன்றாமை, விலை மிகுதி, தோழர் அணியாமை ஆகியவை தடைகள் எனத் தெரிந்தன. எனவே விலைக்குறைப்புச் சீட்டுகள் வழங்கினர்; பள்ளிகளிற் பேசினர்; பிள்ளைகள் போற்றும் விளையாட்டு வீரர்களைக் கவசத்தோடு தோன்றச் செய்தனர். தெருவில் நின்று எண்ணியபோது, 1987இல் நூற்றுக்கு 5.5 பிள்ளைகளே அணிந்திருந்தனர். அடுத்த ஆண்டில் அது 15.7 ஆயிற்று. இயக்கம் நடவாத போர்ட்லண்டு நகரில் அக்காலத்தில் 1.0 என்பது 2.9 ஆக உயர்ந்தது; அவ்வளவே. மேரிலாந்து மாநிலத்து ஹோவர்டு என்னும் மாவட்டத்தில், இரு சிறுவர் மிதிவண்டி விபத்தில் மாண்டபின், பதினாறு வயதிற்கு உட்பட்டோர் கவசம் அணிதல் வேண்டும் என்று 1990இல் சட்டம் செய்தனர். சட்டத்தோடு பள்ளிகளில் விளக்கமும் நடைபெற்றது. அங்கே நூற்றுக்கு 4 என்பது 47 ஆக உயர்ந்தது. அறிவுரை மட்டும் கூறிய அண்டை மாவட்டத்தில் 8 என்பது 19 ஆயிற்று.

அகவை வேறுபாடின்றி எல்லோர்க்கும் மிதிவண்டிக் கவசத்தைக் கட்டாயமாக்கியதில் உலகில் முந்திய நாட்டுப்பகுதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1990 ஜூலை முதல் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. கவசம் அணிவோர் தொகை ஓராண்டிற்குள் நூற்றுக்கு 31இலிருந்து 75 ஆக உயர்ந்தது. ஆயின் பன்னிரண்டு முதல் பதினேழு வயதினர் பலர், கவசம் அணிவதைவிட மிதிவண்டியை விட்டுவிடுதல் மேல் என்று கருதி ஓட்டுவதையே குறைத்துக்கொண்டனர்! கேலிக்கு அஞ்சும் அவ்வயதின் இயல்பு சட்டத்தையும் வளைத்துவிட்டது. பெண்ணாடம் போன்ற ஊர்களில் மிதிவண்டி விளையாட்டுப் பொருள் அன்று. அதனை விட்டால் படிப்பும் விட்டுப்போகும். ஆதலின் சட்டம் செய்வோர் இதனையும் எண்ணுதல் வேண்டும். டச்சு நாட்டில் கவசம் அணிவோர் மிகச் சிலர்; எனினும் அங்கே மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் உண்டு. பாதை அமைக்கும் கடமையைப் பெரியவர் செய்யாது, எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் தலைமேல் வைத்தல் முறையன்று. பாதை அமையும்வரை தலையைத் திறந்து வைத்திருத்தலும் முறையன்று.

வழக்கம் மாறிய வரலாற்றை அறிய, கடல் கடந்து செல்லவும் வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில், மிதிவண்டியைக்கொண்டே அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதனையும் அவ்வியக்கத்தின் பகுதியாக்கினார். அதுவரை சிற்றூரில் மிதிவண்டி ஏறிய பெண்ணை ஊரார் இழித்துப் பேசினர். தனியொருத்தி அப்பேச்சைத் தாங்குதல் அரிது. எனவே பயிற்சி முகாம்கள் அமைத்துக் கூட்டமாகக் கற்பித்தனர். ஆசிரியைகளும் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கல்லுடைக்கும் பெண்டிரும் கற்றனர். கற்றவள் மற்றொருத்திக்குக் கற்பித்தாள். பெண்கள் ஓட்டும் வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று, கைப்பிடியிற் கொடி கட்டிய மிதிவண்டிகளில் 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரில் ஊர்வலமாகச் சென்றனர். இதழாளர் பி. சாய்நாத் இவ்வரலாற்றைப் பின்னர் விரிவாக எழுதினார். ஊராரின் ஏச்சு அன்றே முற்றும் நின்றுவிடவில்லை. ஆயினும் ஏசப்பட்டவள் இப்போது தனித்து இல்லை. ஓர் ஊரிற் பத்துப் பெண்கள் ஓட்டத் தொடங்கியபின், பதினோராமவள் ஏறுவது செய்தியாகவே இல்லாமற் போயிற்று. பத்தாண்டு கழித்து அரசு மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கியபோது, ‘பெண் மிதிவண்டி ஓட்டலாமா?’ என்று கேட்பார் அருகிவிட்டனர்.

மிதிவண்டிக்கு வழிவிட்ட ஊர் தலைக்கவசத்திற்கும் வழிவிடக் கூடும். ஆனால் அது நூறு பேர்க்கு ஒருங்கே நூறு கவசம் கொடுத்து முடியும் செயலன்று. கொடுத்த கவசம் பரண்மேல் ஏறிவிடும். ஒரே சிற்றூரிலிருந்து ஒரே சாலையில் வரும் ஐந்தாறு பேர் சேர்ந்து தொடங்குதல் வேண்டும். வகுப்பில் யாவரும் மதிக்கும் பந்தாட்ட வீரனோ, ஓட்டத்தில் முதல்வரும் மாணவியோ அவர்களுள் ஒருவராக இருப்பின் வேலை பாதி முடிந்தது. மிதிவண்டியில் வரும் ஆசிரியர் தாமும் அணிந்து வருதல் ஒரு மணிநேரச் சொற்பொழிவினும் மேலானது. பெற்றோர் கூட்டத்திற் கவசம் வாங்குமாறு கூறும் தலைமையாசிரியர், அக்கூட்டத்திற்கு வந்த மோட்டார் சைக்கிள்களின் கண்ணாடியில் எத்தனை கவசம் தொங்குகின்றது என்று எண்ணிக் கூறினும் தவறில்லை.

பள்ளியிற் கவசத்தை எங்கே வைப்பது என்பது சிறிய வினாவாகத் தோன்றும். உண்மையில் பலருடைய முயற்சி இவ்விடத்திலேதான் முடிந்துபோகின்றது. வகுப்பறையில் வைத்தால் இடைவேளையில் அது பந்தாகின்றது. கைப்பிடியில் மாட்டினால் மாலையில் அங்கே இருப்பதில்லை. மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையின் ஒருபுறத்தே பலகை ஒன்று அறைந்து, வகுப்புவாரியாக ஆணிகள் அடித்துப் பெயர் எழுதிவைத்தால் போதும். இல்லையேல், வண்டியைப் பூட்டும் சங்கிலியைக் கவசத்தின் காற்றுத்துளை வழியே செலுத்திப் பூட்டலாம். பலகைக்கு மற்றொரு பயனும் உண்டு. காலையில் வரும் ஒவ்வொருவரும் அதனைக் கடந்தே செல்லுதல் வேண்டும். அங்கே நேற்று நான்கு கவசம் தொங்கின, இன்று ஏழு தொங்குகின்றன என்பதனை எவரும் சொல்லாமலே எல்லோரும் அறிவர்.